உள்ளே ஒன்றும் இல்லை என்றார் கிராணி

என்னிடம் தொழில் பழகும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் பெருமையாக ஒன்று சொன்னார். டிரைவர் தகராறு செய்த ஒரு லாப்டாப்பை இருபதே நிமிடத்தில் பெட்டியிலிருந்து எடுத்த அன்றைய நிலைக்குத் திருப்பிவிட்டாராம். எந்திரம் ஒரு கேள்வி கேட்டதாம், இவர் 'ஆம்' என்றாராம், வேலை முடிந்ததாம். நான் கைதட்டவில்லை. பாவம், அவர் முகம் வாடிப்போனது. அவருக்குச் சொல்ல வேண்டிய விளக்கத்தை உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அந்தத் திறமை எனக்கும் இருந்தது. ஈப்போ நகரத்தில் அதை என்னைவிட வேகமாகச் செய்ய ஆள் இல்லை என்று நான் தலைகனத்துத் திரிந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கனம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் இறங்கத் தொடங்கி, வெள்ளிக்கிழமைக்குள் முழுக்க இறங்கிவிட்டது.

எண்பதுகளின் கடைசி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை வீட்டின் மாடியில் எங்கள் பட்டறை. புந்தோங்கிலிருந்து காலை பஸ் பிடித்து வருவேன். அங்கே வேலை செய்த ஒரே பெண் நான்தான். வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "டெக்னீஷியன் எங்கம்மா?" என்பார்கள். "சாப்பிடப் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டு, அந்த இல்லாத மனிதர் சாப்பிட்டு வருவதற்குள் எந்திரத்தைச் சரி செய்து கையில் கொடுப்பேன். அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

முதலாளி சீனர். முன்பு ரேடியோ பழுது பார்த்தவர். வீட்டில் காண்டனீஸ், என்னோடு மலாய், திட்டுவதற்கு மட்டும் தமிழ் என்று வைத்திருந்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டரோடும் பெட்டியில் வரும் மூல டிஸ்கெட்டுகளை வாடிக்கையாளர் பெயர் ஒட்டி பிஸ்கட் டின்களில் அடுக்கி வைப்பார். எந்திரம் கையை விரித்துவிட்டால் அந்த டின்னைத் திறப்போம். ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து, டிஸ்கெட்டுகளை ஒவ்வொன்றாக ஊட்டி, புதிதாக வாங்கியது போலத் திருப்பிக் கொடுப்போம். நீங்கள் ஒரு பொத்தானில் செய்வதற்கு எங்களுக்கு ஒரு டின் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை வந்தது ஒரு லாப்டாப். அந்தக் காலத்து லாப்டாப்பை மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். சிம்பாங் பூலாய் தாண்டி உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸின் எந்திரம் அது. தோட்டம் விற்றுப்போயிருந்தது. மரங்களை வெட்டிவிட்டு வீடு கட்டப் போகிறார்கள். முன்னால் மேனேஜர் வந்தார். அவருக்கு இரண்டடி பின்னால், எந்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் மசிப்பேனா.

"புது பிரிண்டர் வந்துச்சு. அதோட டிஸ்கெட்ட இவரு உள்ள போட்டாரு. அன்னியிலருந்து எந்திரம் தொறக்கவே மாட்டேங்குது" என்றார் மேனேஜர். "மூனு மணிக்குள்ள வேணும். நாளைக்கு நான் கேஎல் போறேன், ரிப்போர்ட் அடிச்சாகணும்."

நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "உள்ள முக்கியமா ஏதாச்சும் இருக்கா?"

மேனேஜர் திரும்பிக் கிராணியைப் பார்த்தார். கிராணி மேனேஜரின் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார்.

"ஒன்னும் இல்ல சார். ஆபீஸ் லெட்டருங்கதான். எல்லாத்துக்கும் காப்பி ஃபைல்ல இருக்கு."

கேட்டவள் நான். பதில் போனது 'சார்' என்ற இடத்துக்கு. அதை என் காது கேட்டது, மண்டை வாங்கிக்கொள்ளவில்லை. எந்திரத்தை மேசையில் வைத்த பிறகும் அவர் கட்டைவிரல் அதன் விளிம்பை விட்டு வரவில்லை. அதையும் பார்த்தேன். பழைய ஆள், எந்திரத்தின் மேல் பயம் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

கோளாறு பெரியதல்ல. பொருந்தாத டிரைவர் ஒன்று எந்திரம் விழிக்கும்போதே அதன் கழுத்தைப் பிடித்தது. டிஸ்கெட்டிலிருந்து எந்திரத்தைக் கிளப்பி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்து, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்திருக்கலாம். அதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். துடைத்துவிட்டு டின்னைத் திறப்பதற்கு யோசனையே வேண்டாம். முதலாளி வெளியே போயிருந்தார். மணி மூன்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லிவிட்டாரே! டின்னைத் திறந்தேன்.

இரண்டரைக்கெல்லாம் எந்திரம் தயார். சரியான பிரிண்டர் டிரைவரையும் ஏற்றி, சோதனைக்கு ஒரு பக்கம் அடித்துக் காட்டினேன். "நீயே செஞ்சியா?" என்று மேனேஜர் வியந்தார். கிராணி குனிந்து திரையைப் பார்த்தார்.

"எல்லாம் புதுசா இருக்கே" என்றார் மெதுவாக.

"வாங்குன அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு அண்ணே!" என்றேன் நான், ஏதோ பரிசு கொடுப்பவள் மாதிரி.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் வேகத்தைக் கண்டு அசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இதை இன்று எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். தனியாக, பஸ்ஸில் வந்திருந்தார். லாப்டாப்பைத் துண்டில் சுற்றிப் சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் பைக்குள் வைத்திருந்தார்.

"தங்கச்சி, அந்தப் பேருங்கள்லாம் எங்க போச்சு?"

"எந்தப் பேருண்ணே?"

அதன் பிறகுதான் கதை வந்தது. தோட்டத்தில் முன்பு ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே மருந்து கொடுத்தவரை டிரசர் என்பார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பெரிய புத்தகத்தில் பதிந்து வைப்பது அவர் வழக்கம். ஆஸ்பத்திரியை மூடிய பிறகு புத்தகம் ஆபீஸ் அலமாரிக்கு வந்தது. தோட்டம் கைமாறும்போது பழைய காகிதங்களையெல்லாம் எரித்துவிடச் சொல்லி மேலே இருந்து உத்தரவு. எரிப்பதற்கு முன்னால் கிராணி உட்கார்ந்து, மூன்று மாதம், சாப்பாட்டு நேரத்தில் மட்டும், அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக லாப்டாப்பில் அடித்திருக்கிறார். போன வாரம் புத்தகத்தை எரித்தவரும் அவரேதான்.

"அந்தப் புத்தகத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கலாமே அண்ணே!"

"கம்பெனி சாமான் தங்கச்சி. முப்பது வருசத்துல ஒரு பென்சில்கூட நான் வீட்டுக்குக் கொண்டு போனதில்ல."

"பின்ன ஏன் நேத்து ஒன்னும் இல்லன்னு சொன்னீங்க?"

"அவரு பக்கத்துல நிக்கிறாரேம்மா. கம்பெனி எந்திரத்துல என் சொந்த வேலயச் செஞ்சேன்னு எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு, "வெள்ளிக்கிழம லெட்சுமிக்குப் பதிவிலாகாவுல கூப்பாடு இருக்கு, நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. அதுக்காகத்தான் அவசரமா பிரிண்டர மாட்டுனேன். அதுதான் சூசாவா, பெரிய தொல்லையாப் போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

லெட்சுமி அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை செய்தவர். அங்கேயே பிறந்தவர், நாற்பது வயது, பிறப்புப் பத்திரம் கிடையாது. கையில் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. குடியிருக்கலாம், குடிமகள் இல்லை என்று அர்த்தம். தோட்டம் போய்விட்டால் லயத்து வீடும் போய்விடும். மலிவு விலை வீட்டுக்கு மனுப் போட, குடிமக்களுக்குத் தரும் நீலக் கார்டு வேண்டும். தோட்டத்துப் பதிவில் இந்தத் தேதியில் இவர் பிறந்திருக்கிறார் என்று மேனேஜர் கையெழுத்தோடு கடிதம் கொண்டு வா என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதத்துக்கு ஆதாரமாக உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடத்தை நான் முந்தின நாள் மத்தியானம் துடைத்து வைத்திருந்தேன்.

ஏதாவது செய்ய வேண்டும் என்ற பதற்றத்தில் எந்திரத்தைக் கிளப்பிக் கட்டளை அடிக்கப் போனேன். பின்னால் முதலாளி வந்து நின்றிருந்தது தெரியாது.

"கையை எடு" என்றார் மலாயில்.

எடுத்தேன். எந்திரத்தை அணைத்தார். இனி ஓர் எழுத்துகூட அதற்குள் எழுதக் கூடாது என்றார். துடைத்தோம் என்று நாம் சொன்னாலும் எந்திரம் கிழித்துப்போடுவது பொருளடக்கத்தை மட்டும்தான், பக்கங்கள் உள்ளேதான் கிடக்கும், புதிதாக ஒன்றை எழுதினால் அது பழையதன் மேல் போய் உட்காரும், அவ்வளவுதான் விஷயம். ஆகவே பதறுகிறவர்கள் செய்யும் ஒவ்வொரு வேலையும் மிச்சத்தையும் கெடுக்கும். இதை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: தவறு செய்துவிட்டோம் என்று தெரிந்த நிமிடத்தில் முதல் வேலை, கையை எடுப்பது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒன்று மட்டும் கேட்டார்.

"துடைக்கறதுக்கு முன்னாடி கேட்டியா?"

"கேட்டேன்."

"யார் முன்னாடி கேட்டே?"

முதலாளி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் கிடப்பதை அப்படியே திரையில் காட்டும் ஒரு டிஸ்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, என் மற்ற வேலைகளைத் தன் மேசைக்கு அள்ளிக்கொண்டு போனார்.

மேனேஜர் கோலாலம்பூரில் இருந்து வியாழன் சாயந்தரம்தான் திரும்புவார். செவ்வாயும் புதனும் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். துண்டு துண்டாக, முன்னும் பின்னுமாக, குப்பைக் குறிகளுக்கு நடுவே பெயர்கள் வந்தன. நான் வாசிக்க, அவர் மசிப்பேனாவால் கொப்பியில் எழுதினார்.

"சின்னசாமி, தகப்பன் பெருமாள்."

"ம். அது இப்ப தைப்பிங்ல கொத்தனாரு."

"முனியம்மா, தகப்பன் அர்ச்சுனன்."

"மூனு மாசத்துல செத்துப் போச்சு. நல்ல செவப்புப் புள்ள."

இருநூற்றுச் சொச்சம் பெயர்களில் அவருக்குத் தெரியாத ஒன்று இல்லை. நான் தரவு என்று நினைத்துத் துடைத்ததை அவர் ஆட்களாக எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேனே, இதில் என்ன மறைப்பு?

புதன் மத்தியானம் திரையில் வேறொன்று வந்தது. பெயரல்ல, ஆங்கிலத்தில் ஒரு கடிதம். ஆஸ்பத்திரிப் பிறப்புப் புத்தகத்தை எரிக்காமல் தன்னிடம் ஒப்படைக்கும்படி மேனேஜரைப் பணிவுடன் கேட்டுக்கொள்வதாகத் தொடங்கியது. இரண்டு வரி உரக்க வாசித்துவிட்டுத்தான் எனக்கு விளங்கியது. நிறுத்தினேன். கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத விடும்மா. அடுத்ததப் பாரு" என்றார்.

அடுத்ததைப் பார்த்தேன்.

கடை மூடும் நேரத்தில் லெட்சுமி கிடைத்தார். தகப்பன் பெயர், தாய் பெயர், லயத்து எண் எல்லாம் இருந்தன. தேதி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் 'மேற்படி' என்பதற்கு ஆபீஸ்காரர்கள் போடும் இரண்டு சின்னக் கோடு. மேலே உள்ள வரியின் தேதியே இதற்கும் என்று பொருள். மேல் வரி இருந்த இடத்தில், நான் திங்கட்கிழமை அவ்வளவு சுத்தமாக ஏற்றிவைத்த பிரிண்டர் டிரைவர் உட்கார்ந்திருந்தது.

"ஏண்ணே, தேதிய முழுசா அடிச்சிருக்கக் கூடாதா?" எரிச்சலில் அவர் மேலேயே பாய்ந்தேன்.

"புத்தகத்துல டிரசரு எப்படி எழுதியிருந்தாரோ அப்படியேதான் அடிச்சேன். நான் எதையும் மாத்தல."

அந்த நேரத்தில் என் புத்தி ஒரு பக்கம் போனது. முன்னால் கிடைத்த பெயருக்கும் பின்னால் கிடைத்த பெயருக்கும் நடுவே இரண்டு வார இடைவெளிதான். அதற்குள் ஏதாவது ஒரு தேதியைப் போட்டுவிட்டால் லெட்சுமிக்கு வேலை நடக்கும், என் தவறும் மறையும்.

"ஒரு தேதியப் போட்டுருவோம்ணே. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே தங்கச்சி."

கொப்பியில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அன்று பஸ்ஸில் புந்தோங் போய்ச் சேரும் வரை எனக்கு யாரையும் நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

வியாழன் காலை கிராணியோடு லெட்சுமியும் வந்தார். சிவப்புக் கார்டைக் கைக்குட்டையில் மடித்து இடுப்பில் செருகியிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, உங்க பேரு கெடச்சிருச்சு. தேதி கெடைக்கல. அழிச்சது நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"பேரு இருக்குல்ல? நான் பொறந்தது பொய் இல்லைல?" என்றார். பிறகு கிராணியிடம், "தேதிக்கு ஏன்யா முழிக்கிறீங்க? வீரையா பொறந்த அன்னிக்குத்தான நானும் பொறந்தேன். அடுத்தடுத்த வீடு. டிரசரு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுனாருன்னு எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிச் சிரிச்சிச்சே" என்றார்.

கிராணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "வீரையா மேல, லெட்சுமி கீழ! ஆமா, நானேதான அடிச்சேன்!"

வீரையாவின் தகப்பனார் விவரமானவர். மகன் பிறந்த கையோடு போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் பதிந்து, பத்திரம் வாங்கி வைத்திருந்தார். வீரையா இப்போது லூமுட் படகுத்துறையில் பங்கோர் தீவுப் படகுகளுக்குக் கயிறு கட்டும் வேலையில் இருந்தார். கிராணி அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். போய் வர ஒரு பகல் முழுக்க ஆனது. சாயந்தரம் அவர் மாடியேறி வரும்போது சட்டையெல்லாம் கசங்கியிருந்தது, கையில் இருந்த பத்திரத்தின் நகல் மட்டும் கசங்கவில்லை. அந்தத் தேதி, முன்னும் பின்னும் இருந்த பெயர்களுக்கு நடுவே சரியாகப் போய் உட்கார்ந்தது. நான் போட நினைத்திருந்த தேதி அதுவல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கொப்பியில் இருந்ததையெல்லாம் அன்று இரவே பட்டறை எந்திரத்தில் அடித்து, கடிதத்தோடு அச்செடுத்தோம். இனி மேனேஜர் கையெழுத்து. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் தோட்டத்துக்குப் போனேன். தவறு என்னுடையது, நான்தான் சொல்ல வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். பதிவிலாகாவில் லெட்சுமிக்குப் பதினொரு மணிக்குக் கூப்பாடு. அவர் ஆபீஸ் வாசலில் நின்றார். நானும் கிராணியும் உள்ளே போனோம். சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். பெயர்ப் பட்டியலையும் கடிதத்தையும் மேசையில் வைத்தேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் முகம் இறுகிவிட்டது.

"உள்ள ஒன்னும் இல்லன்னு இவருதான சொன்னாரு. நான் பக்கத்துலயேதான நின்னேன்?"

அவர் என்னிடம் பேசினாலும் பார்வை கிராணி மேல் இருந்தது. தோட்டம் மூடும்போது கிராணிக்குக் கம்பெனி தர வேண்டிய நற்சான்றுக் கடிதம் இந்த மேனேஜர் கையில் இருந்தது. நான் ஏதாவது பொய் சொல்லிக் காப்பாற்றலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் கிராணி பேசிவிட்டார். சப்பாத்தைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்.

"இருந்துச்சு சார். ஒங்க முன்னாடி சொல்லப் பயந்துட்டேன். ஆபீஸ் எந்திரத்துலதான் அடிச்சேன். சாப்பாட்டு நேரத்துல அடிச்சேன்."

"புத்தகத்த எரிக்கச் சொன்னப்பவே என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல?"

அந்தக் கடிதம் எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. அது அவருடையது, சொன்னால் அவர்தான் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். என் வேலை வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு செய்த நல்ல காரியங்கள் மிகக் குறைவு, அதில் இது ஒன்று.

"எழுதுனேன் சார். குடுக்கல."

"ஏன்?"

"நீங்க வேணாம்னு சொல்லிட்டா, அப்புறம் நான் அடிக்கவும் முடியாதே சார்."

மேனேஜர் வெகுநேரம் பட்டியலைப் புரட்டினார். வெளியே லெட்சுமி இருமுவது கேட்டது. வீரையாவின் பத்திரத்தையும் லெட்சுமியின் வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் போட்டார். தோட்டத்து முத்திரையைத் தேடி அவரே எடுத்து அழுத்தினார்.

"பஸ்ஸுல போனா பதினொன்னுக்குப் போய்ச் சேர மாட்டீங்க. என் காடியில ஏறுங்க" என்றார்.

லெட்சுமி முன் சீட்டில் உட்கார மாட்டேன் என்று அடம் பிடித்தார். கிராணிதான் கதவைத் திறந்து பிடித்து அவரை ஏற்றினார்.

அதற்கப்புறம் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்திரத்தைக் கொண்டுவருபவர் தனியாக வராவிட்டால், அதை உண்மையில் பயன்படுத்துகிற ஆள் யார் என்று பார்ப்பேன். அவரை மட்டும் கீழே ஒட்டுக்கடைக்கு அழைத்துப் போய் ஒரு தேத்தண்ணி சொல்லிவிட்டு, 'ஏதாச்சும் இருக்கா' என்று கேட்காமல், 'நேத்து இதுல என்ன செஞ்சீங்க?' என்று கேட்பேன். முதலாளி முணுமுணுப்பார், வேலை நேரத்தில் தேத்தண்ணி என்று. ஆனால் ஒருநாளும் தடுத்ததில்லை. கணவன் பக்கத்தில் நிற்கும் மனைவியும், பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்கும் நர்ஸும், தலைமையாசிரியர் பக்கத்தில் நிற்கும் வாத்தியாரும் அந்தக் கடையில் எனக்குச் சொன்னவற்றை எந்த டிஸ்கெட்டும் காட்டியிருக்காது.

சில மாதம் கழித்துக் கிராணி மறுபடி வந்தார். அதே துண்டு, அதே பாசார் பை. தோட்டத்தில் அன்று அவருக்குக் கடைசி நாள். எந்திரம் தலைமை ஆபீஸுக்குத் திரும்புகிறது, வாங்கிய அன்று இருந்தது போலவே ஆக்கித் தர வேண்டும் என்றார். லெட்சுமிக்கு நீலக் கார்டு வந்துவிட்டதாம். பெயர்ப் பட்டியலின் டிஸ்கெட் ஒன்றை அவரிடம் கொடுத்தாராம். போட்டுப் பார்க்க எந்திரம் ஏது அவரிடம்? கார்டோடு சேர்த்துக் கைக்குட்டையில் மடித்து வைத்திருக்கிறாராம்.

"இப்ப தொடைச்சிரு தங்கச்சி. யாரும் பக்கத்துல இல்ல, தைரியமா சொல்றேன்" என்று சிரித்தார்.

நான் விடவில்லை. கீழே கூட்டிப்போய்த் தேத்தண்ணி சொன்னேன்.

"நேத்து இதுல என்ன செஞ்சீங்கண்ணே?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்த லெட்டர மறுபடியும் அடிச்சேன். புத்தகத்த எரிக்க வேணாம்னு கேட்ட லெட்டரு. பிரிண்டர்ல எடுத்துக் கையெழுத்துப் போட்டு மேனேஜர் கையிலயே குடுத்துட்டேன்."

"புத்தகம் எரிஞ்சு எத்தன மாசம் ஆச்சு! இப்ப எதுக்குண்ணே?"

"இருக்கட்டும்மா. அவரும் நாற்காலிய விட்டு எழுந்து நின்னுதான் வாங்கிப் படிச்சாரு." தேத்தண்ணியை முழுக்கக் குடித்து முடித்தார். "இப்ப உள்ள ஒன்னும் இல்ல."

அப்புறம்தான் மாடியேறிப் போய் பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.